செவியட் குன்றிலிருந்து மாடிவீட்டுக்கு: பார்டர் கோலியின் வரலாறு

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் செவியட் குன்றுகளின் இருபுறமும் ஆடு மேய்த்தவர்கள் வளர்த்தெடுத்த நாய் பார்டர் கோலி. நடுத்தர உயரம், பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த நிறம், சுமார் 14 முதல் 20 கிலோ எடை. பார்வைக்குச் சாதுவாக, வீட்டுக்குள் அடங்கிவிடும் நாயாகவே தெரியும். நாய்களிலேயே மிகவும் அறிவுள்ளது என்ற பெயரும் அதற்கு உண்டு. இவை இரண்டும் சேர்ந்து கடந்த ஐம்பது ஆண்டுகளில் அதைக் குன்றுகளிலிருந்து நகரத்து அடுக்குமாடிகளுக்கு இறக்கிக் கொண்டுவந்துவிட்டன. இந்தியப் பெருநகரங்களிலும் இப்போது அதன் குட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. மூன்றாவது மாடியில் குடியிருப்பவர், அதுவும் முதன்முதலாக நாய் வளர்க்கப்போகிறவர், இந்த நாயை வாங்கலாமா? என்ன வேலைக்காக, எப்படிப்பட்ட நிலத்தில், எத்தகைய மனிதர்களின் கையில் அது உருவானது என்று தெரிந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

எல்லைப்பகுதியின் ஆட்டுத் தொழில் மிகப் பழையது. 1136-இல் நிறுவப்பட்ட மெல்ரோஸ் துறவிமடம் ஆயிரக்கணக்கான ஆடுகளை வைத்திருந்தது; அதன் கம்பளி கடல்கடந்து ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களுக்குப் போனது. பின்னர் வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பகுதி கால்நடைக் கொள்ளைக்குப் பேர்போனதாயிற்று. 1603-இல் இரு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் வந்த பிறகுதான் அந்தக் கொள்ளை மெல்ல ஒடுங்கியது. மரங்கள் அற்ற புல்மேடுகள், ஓயாத காற்று, மூடுபனி, குளிர்காலத்தில் ஆளை மறைக்கும் பனிப்பொழிவு என்பதே அந்த நிலம். வேலிகள் அரிது. ஆடுகள் ஒரே மந்தையாக நின்று மேய்வதில்லை. தாயிடமிருந்து குட்டி பழகிக்கொண்ட மேய்ச்சல் எல்லைக்குள் சிறுசிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கும். மயிர் கத்தரிக்கவும், மருந்தில் முக்கவும், குட்டி பிரிக்கவும் அவற்றை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். மேய்ப்பர் நடந்தே மேலேறிச் சேர்ப்பதென்றால் ஒரு நாள் போதாது.

நாயின் உடலளவைத் தீர்மானித்தது ஓநாய். அல்லது ஓநாய் இல்லாமை. இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஓநாய்கள் அற்றுப்போய்விட்டன. ஓநாயோடு மோதும் பெரிய காவல் நாய் அங்கே தேவைப்படவில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவர் ஜான் கையஸ் 1570-இல் லத்தீனில் எழுதிய பிரிட்டிஷ் நாய்கள் பற்றிய நூலில் இந்தக் காரணத்தையே சொல்லியிருக்கிறார். ஆட்டுநாய் அவ்வளவு பெரிதாக இல்லை, ஓநாய் இல்லாத நாட்டில் பெரிதாக இருக்க வேண்டியதும் இல்லை என்கிறார். எசமானின் குரலுக்கோ சீழ்க்கைக்கோ கட்டுப்பட்டு, அலைந்து திரியும் ஆடுகளை அவர் விரும்பும் இடத்துக்கு அது கொண்டுவந்து சேர்க்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

காவல் நாய் வேறு, மேய்ப்பு நாய் வேறு. தமிழ்நாட்டில் கீதாரிகள் கிடை போடும்போது உடன் இருக்கும் நாய், நரியும் திருடனும் அண்டாமல் இரவில் பட்டியைக் காக்கிறது. ஆடுகளை ஓட்டுவதும் மடக்குவதும் மனிதரின் வேலை. துருக்கி முதல் இமயம் வரை மேய்ச்சல் சமூகங்களின் பெரும்பாலான நாய்கள் இந்த வகையே. இவை பகலில் தூங்கி, சந்தடி கேட்டால் எழுந்து குரைப்பவை. பார்டர் கோலியின் முன்னோர்கள் செய்ததோ பகல் முழுவதும் நீளும் வேலை. ஒவ்வொரு கணமும் ஆட்டின் அசைவையும் மனிதரின் குறிப்பையும் கவனித்தபடியே இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் நாட்டு நாய் வளர்த்த அனுபவத்தை வைத்து பார்டர் கோலியைக் கணிப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எல்லைப்பகுதி நாய்களின் உலகம் திடீரென விரிந்தது. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டு நிலவுடைமையாளர்கள், சிறு குத்தகை விவசாயிகளை வெளியேற்றிவிட்டு அந்த நிலங்களைப் பெரிய ஆட்டுப் பண்ணைகளாக்கினார்கள். செவியட் ஆடுகள் வடக்கே ஓட்டிச்செல்லப்பட்டன. அவற்றோடு எல்லைப்பகுதி மேய்ப்பர்களும் அவர்களுடைய நாய்களும் போனார்கள். 1792-இல் ராஸ் பகுதி மக்கள் திரண்டு, வந்த ஆடுகளையெல்லாம் தங்கள் மண்ணிலிருந்து விரட்டிவிட முயன்றார்கள். படை வந்து அவர்களை அடக்கியது. மலைநாட்டார் அந்த ஆண்டை ‘ஆடுகளின் ஆண்டு’ என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். மனிதர்களை அகற்றிய இந்தக் கொடுமையில் நாய்க்கும் ஒரு பங்கு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. பல குடும்பங்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கை ஒன்றிரண்டு மேய்ப்பர்களைக் கொண்டே ஆளலாம் என்ற கணக்கு, நல்ல நாய் இல்லாமல் கூடிவந்திருக்காது. எட்ரிக் பள்ளத்தாக்கின் மேய்ப்பரும் எழுத்தாளருமான ஜேம்ஸ் ஹாக், நாயுடன் ஒரு மேய்ப்பர் சேர்க்கும் ஆடுகளை நாய் இல்லாமல் இருபது பேராலும் சேர்க்க முடியாது என்று எழுதியிருக்கிறார்.

ஹாக் (1770–1835) தன் நாய் சிர்ராவைப் பற்றி எழுதியவை இந்த இனத்தின் வரலாற்றில் தவிர்க்க முடியாதவை. கால்நடை ஓட்டிச் செல்லும் ஒருவர் கயிற்றில் கட்டி இழுத்துவந்த மெலிந்த நாயை ஹாக் ஒரு கினி கொடுத்து வாங்கினார். அப்போது அதற்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அதுவரை ஒரு ஆட்டைக்கூட அது திருப்பியதில்லை. வேலை என்னவென்று புரிந்த பிறகு அது கற்ற வேகம் அவரையே வியக்க வைத்தது. ஒருநாள் நள்ளிரவில், தாயிடமிருந்து அப்போதுதான் பிரிக்கப்பட்ட சுமார் 700 குட்டிகள் மிரண்டு மூன்று கூட்டங்களாகப் பிரிந்து மலையேறி ஓடிவிட்டன. ஹாக்கும் உதவியாளும் விடியும்வரை தேடியும் பயனில்லை. திரும்பி வரும்போது ஒரு பள்ளத்தின் அடியில் குட்டிகள் நிற்க, முன்னால் சிர்ரா நின்றுகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தபோது ஒரு குட்டிகூடக் குறையவில்லை. ஏவுவதற்கு ஆள் இல்லாத இருட்டில், தன் முடிவாகவே நாய் செய்த வேலை இது. பார்டர் கோலியின் புகழ் தொடங்குவது இப்படிப்பட்ட கதைகளில்தான். அதை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் போவதற்கும் இதே குணமே காரணம். யாரும் வேலை சொல்லாவிட்டால் தனக்கான வேலையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் நாய் அது.

அந்த மேய்ப்பர்கள் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலை மேய்ப்பரின் குடிசை ஒன்று அல்லது இரண்டு அறைகள் கொண்டது. இன்றைய ஃபிளாட் அதைவிடப் பெரியதாகவே இருக்கும். நாய் அடுப்பங்கரை ஓரத்திலோ மாட்டுக்கொட்டிலிலோ படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் மேய்ப்பரோடு வந்து இருக்கைக்கு அடியில் சுருண்டு படுத்தது. இறுதி ஆசியின்போது எழுந்து நின்றால் கூட்டம் முடிந்தது என்று நாய்கள் துள்ளிக் குரைக்கும் என்பதால், சபையார் உட்கார்ந்தபடியே ஆசி பெற்ற கதை 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. இந்த நாய்க்குச் சும்மா இருக்கத் தெரியும். சிறிய இடத்திலும் இருக்கத் தெரியும். அந்த அமைதியை அதற்குக் கொடுத்தது வேலை. குட்டி ஈனும் பருவம், மயிர் கத்தரிக்கும் பருவம், பனிக்காலத் தேடல் என்று ஆண்டு முழுவதும் வேலை அதைத் தேடி வந்தது. கூடவே, நாள் முழுவதும் உடன் இருக்கும் ஒரு மனிதர் இருந்தார். மாடிவீட்டில் இல்லாமல் போவது சதுர அடி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இல்லாமல் போவது இந்த இரண்டும்தான்.

நாய் வேலையைப் பொதுமக்கள் காட்சியாகக் கண்டது 1873 அக்டோபர் 9 அன்று. வடக்கு வேல்ஸின் பாலா ஊரில், ரிவ்லாஸ் பண்ணை உரிமையாளர் ரிச்சர்ட் லாயிட் பிரைஸ் ஆட்டுநாய்ப் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தார். பத்து நாய்கள் இறங்கின. வேல்ஸ் மண்ணில் நடந்த போட்டியில் வென்றவர் அங்கு குடியேறியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய நாயின் பெயர் ட்வீட். மூன்றாண்டுகள் கழித்து லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ் மைதானத்தில் இத்தகைய போட்டி நடந்தபோது, ஆடு மேய்ப்பதைக் கண்டிராத நகரத்தார் கூடி அதை வேடிக்கை பார்த்தார்கள்.

பாலா போட்டி நடந்த அதே 1873-இல்தான் லண்டனில் கென்னல் கிளப்பும் தொடங்கியது. நாயை அழகுக்காக வரிசைப்படுத்தும் கண்காட்சிகள் அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்தன. விக்டோரியா அரசி 1860களில் பால்மோரலில் கோலிகளைக் கண்டு விரும்பி வளர்த்தார். அவற்றில் ஷார்ப் என்ற நாய் அவருக்கு மிகவும் பிடித்தமானது. அரசி வளர்த்த நாய் சீமான்கள் வீட்டுக்கும் போயிற்று. கண்காட்சிக்காரர்களின் கையில் கோலியின் முகம் நீண்டது, மயிர் அடர்ந்தது. சில பத்தாண்டுகளில் அது ‘ரஃப் கோலி’ என்ற தனி இனமாகப் பிரிந்துவிட்டது. 1943-இல் வந்த திரைப்படத்தின் ‘லாஸி’ அந்த இனம்தான். மலை மேய்ப்பர்களோ தங்கள் நாயைத் தனியே காத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நாயின் காது நிமிர்ந்திருந்தால் என்ன, மடிந்திருந்தால் என்ன. அது வேலை செய்தால் போதும்.

அந்த வேலைக்கார நாய்களில் ஒன்று 1893 செப்டம்பரில் நார்த்தம்பர்லாந்தில் பிறந்தது. வளர்த்தவர் ஆடம் டெல்ஃபர். தந்தை ராய், தாய் மெக். ராய் இளகிய குணமும் துணிச்சலும் உடையது. மெக் கூச்சமானது, ஆட்டைக் கண்டால் கண் இமைக்காமல் உற்றுப் பார்த்து அப்படியே உறைந்துவிடும். இவற்றின் குட்டியான ஹெம்ப் இரண்டு குணங்களையும் அளவாகப் பெற்றிருந்தது. அதற்கு முன்பிருந்த ஆட்டுநாய்கள் பல குரைத்தும் கடித்தும் ஆடுகளை விரட்டின. ஹெம்ப் குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, உடலைப் பதுக்கி, பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது. 1901-இல் அது இறப்பதற்குள் ஏராளமான குட்டிகளுக்குத் தந்தையாகிவிட்டது. இன்றைய பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் வம்சமும் ‘ஓல்ட் ஹெம்ப்’ வரை போகும்.

மேய்ப்பர்கள் ‘கண்’ என்றே குறிப்பிடும் அந்தப் பார்வை, வேட்டை விலங்கின் செயல்வரிசையில் ஒரு துண்டு. ஓநாய் இரையைக் காண்கிறது, உற்று நோக்குகிறது, பதுங்கி நெருங்குகிறது, துரத்துகிறது, கவ்வுகிறது, கொல்கிறது. பார்டர் கோலியில் உற்று நோக்குவதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகைப்படுத்தப்பட்டு, கவ்வுவதும் கொல்வதும் அடக்கப்பட்டிருக்கின்றன. இது பழக்கித் தந்த பழக்கம் மட்டும் இல்லை, பிறப்பிலேயே வருவது. ஆட்டு மந்தையை நோக்கி ஓடாமல் அதைச் சுற்றி ஓடும் நாட்டம் ஆட்டுநாய்க் குட்டிகளில் மரபாக வருவதை டார்வின் 1859-இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலிலேயே சான்றாகக் காட்டியிருக்கிறார். ஆடு இல்லாத ஊரில் பிறந்த குட்டிக்கும் இந்த நாட்டம் இருக்கும். ஆடு கிடைக்காதபோது அது சைக்கிளைச் சுற்றும், ஓடும் குழந்தையைச் சுற்றும், காரைத் துரத்தும்.

1906-இல் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டனில் சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கம் உருவானது. எல்லைப்பகுதியின் நாய்க்கு ‘பார்டர் கோலி’ என்ற பெயர் நிலைத்ததும் அதன் பிறகுதான். சங்கத்தின் செயலாளராக இருந்த வழக்கறிஞர் ஜேம்ஸ் ரீட் 1915-இல் அந்தப் பெயரை எழுத்தில் பயன்படுத்தினார். சங்கம் வம்சாவளிப் பதிவேட்டைத் தொடங்கியது. நிறமும் உயரமும் அதன் அக்கறையில் இல்லை. வம்சம் தெரியாத நாய்கூடத் தன் வேலைத் திறமையை நிரூபித்தால் பதிவு பெறலாம். மறுபக்கம், பரம்பரைக் கண்நோய்களுக்கு நாய்களைச் சோதிப்பதில் சங்கம் கண்டிப்பு காட்டியது. கண் கெட்டால் மலையில் அந்த நாய் எதற்கும் ஆகாது.

சங்கம் நடத்தும் உச்சப் போட்டியைப் பார்த்தால் இந்த நாயிடமிருந்து என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று விளங்கும். ஏறக்குறைய 800 கெஜம் தள்ளி, கண்ணுக்கெட்டாத இரண்டு இடங்களில் பத்துப் பத்து ஆடுகள் நிற்கும். நாய் முதல் கூட்டத்தை எடுத்து வந்து நடுவழியில் விட்டுவிட்டு, திரும்பிப் போய் இரண்டாவது கூட்டத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பிறகு இருபதையும் ஓட்டி வந்து, சிவப்புப் பட்டை கட்டிய ஐந்தை மட்டும் பிரித்துப் பட்டியில் அடைக்க வேண்டும். இவ்வளவும் விசில் ஒலிகளாலும் சில சொற்களாலும் நடக்கும்: ‘கம் பை’ என்றால் மந்தையைக் கடிகாரத் திசையில் சுற்று, ‘அவே’ என்றால் எதிர்த்திசையில் சுற்று, ‘தட்’ல் டூ’ என்றால் வேலை முடிந்தது, திரும்பி வா. 1965-இல் இந்தப் பட்டத்தை வென்ற விஸ்டன் கேப், ஓல்ட் ஹெம்புக்கு அடுத்தபடி இந்த இனத்தில் பெரும் தடம் பதித்த நாய். சங்கத்தின் சின்னத்தில் இருப்பதும் அதன் உருவமே.

அரை மைல் தொலைவில் வரும் மெல்லிய விசிலைப் பிரித்தறியும் காது, ஆட்டின் தோள் லேசாகத் திரும்புவதைக் காணும் கண், ஒரு சொல்லிலேயே திசை மாறும் உடல் ஆகியவற்றுக்காக நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாய்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கூட்டத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொள்ளும் குணத்துக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மலையில் அந்தத் தேவை எழவே இல்லை. லிஃப்ட் கதவு, குக்கர் விசில், தெருவில் வெடிக்கும் பட்டாசு, மேல்மாடியில் நாற்காலி இழுபடும் ஓசை எல்லாம் அந்தக் கூர்மையான காதுக்குத் தப்பாமல் வந்து சேரும். சத்தத்துக்கு அஞ்சி நடுங்கும் பார்டர் கோலிகள் பல இருப்பதன் காரணம் இங்கே கிடைக்கிறது.

கடல் கடந்த நாடுகளில் இந்த நாய் வேலைக்காகவே போனது. ஆஸ்திரேலியாவின் கெல்பி இனம் பிரிட்டனிலிருந்து போன கோலிகளிலிருந்து பிறந்தது. நியூசிலாந்தில் 1855-இல் ஆயிரம் ஆடுகளைத் திருடியதாகப் பிடிபட்ட ஜேம்ஸ் மெக்கென்சியும் அவருடைய நாய் ஃபிரைடேயும் நாட்டுப்புறக் கதையாகவே ஆகிவிட்டார்கள். அந்த மலைச்சமவெளிக்கு இன்று மெக்கென்சியின் பெயர்தான். அங்கே டெகப்போ ஏரிக்கரையில் ஆட்டுநாய்களுக்கு வெண்கலச் சிலையும் இருக்கிறது.

வேலையிலிருந்து நாய் பிரிந்து வீட்டுப் பிராணியாகத் தொடங்கிய காலத்தை 1976 என்று குறிக்கலாம். அந்த ஆண்டு பிரிட்டனின் கென்னல் கிளப் பார்டர் கோலியைக் கண்காட்சி இனமாக ஏற்றது. அதே ஆண்டு பிபிசி ஆட்டுநாய்ப் போட்டிகளைத் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் எண்பது லட்சம் பேர். 1978-இல் கிராஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் தடை தாண்டும் அஜிலிட்டி விளையாட்டு அறிமுகமானது. விரைவிலேயே அதை ஆண்டது இந்த இனம். அமெரிக்காவில் 1995-இல் அங்குள்ள கென்னல் கிளப் பார்டர் கோலியை முழு இனமாக ஏற்றபோது, வேலை நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தார்கள். அழகுக்குப் பரிசு கொடுத்தால் ரஃப் கோலிக்கு நேர்ந்தது இதற்கும் நேரும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானதே. பிரிட்டனில் ஒரு பாதுகாப்பு உண்டு: கண்காட்சியில் வென்ற பார்டர் கோலி ஆட்டு வேலையிலும் தேறினால்தான் முழுமையான ‘சாம்பியன்’ பட்டம் பெறும்.

இந்த அலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவை இரண்டு. 1994-இல் உளவியலாளர் ஸ்டான்லி கோரன் நாய்களின் அறிவு பற்றிய நூலில் இனங்களை வரிசைப்படுத்தினார். முதலிடம் பார்டர் கோலிக்கு. அடுத்த ஆண்டே ‘பேப்’ திரைப்படம் பார்டர் கோலிகளைப் பேசும் பாத்திரங்களாகத் திரையில் நிறுத்தியது. கோரனின் வரிசையைப் பலர் தவறாகப் படித்தார்கள். வட அமெரிக்காவின் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்கள் ஏறக்குறைய இருநூறு பேரின் கருத்துகளைத் திரட்டி அமைத்த பட்டியல் அது. ஒரு கட்டளையை எத்தனை முறையில் கற்கிறது, சொன்னதும் செய்கிறதா என்பதே அங்கே அளவுகோல். வேகமாகக் கற்கும் நாய் கெட்ட பழக்கத்தையும் அதே வேகத்தில் கற்கும் என்பதை அந்த எண்ணைப் பார்த்து நாய் வாங்கியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

அறிவியல் ஆய்வுகள் புகழை மேலும் கூட்டின. 2004-இல் ஜெர்மனியின் ரிக்கோ என்ற பார்டர் கோலி ஏறக்குறைய 200 பொருள்களின் பெயர்களை அறிந்திருப்பதை லைப்சிக் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் தென் கரோலினாவில் உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி, சேஸர் என்ற நாய்க்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். செய்திகளில் இந்த எண் மட்டுமே பரவியது. அதன் பின்னே இருந்த உழைப்பைச் சொன்னவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மூன்று ஆண்டுகள் நாளுக்கு நான்கு ஐந்து மணி நேரம் அந்த ஒரே நாயோடு செலவிட்டார். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் குடும்பம் இந்தக் கணக்கைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஃபிளாட்டில் நேர்வது பெரும்பாலும் ஒரே வரிசையில் நேர்கிறது. குட்டிப்பருவத்தில் எல்லாம் இனிமை. சொன்னதைப் பிடித்துக்கொள்ளும், எல்லோரும் மெச்சுவார்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் மேய்ப்பு நாட்டம் விழித்துக்கொள்கிறது. நடப்பவரின் குதிகாலைக் கவ்வும். விருந்தினரை ஓர் அறைக்குள் மடக்கி நிறுத்தும். மின்விசிறியின் நிழலையோ சுவரில் விழும் ஒளியையோ மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கும்; இது ஒரு முறை பிடித்துக்கொண்டால் விடுவிப்பது கடினம். பால்கனியிலிருந்து தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் குரைக்கும். அண்டை வீட்டார் புகார் சொல்வார்கள். இதைச் சேட்டை என்று நினைத்து அடிப்பவர்கள் நாயின் அச்சத்தைத்தான் கூட்டுகிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறும் உண்டு: களைத்தால் அடங்கும் என்று நம்பி மணிக்கணக்கில் பந்து எறிவது. மலையில் நாளெல்லாம் ஓடுவதற்கென்றே அமைந்த உடல் அது. ஓட ஓட அதன் தாங்குதிறன் கூடும், அமைதி கூடாது. பந்தைத் துரத்துவது துரத்தும் வெறியை வளர்க்கும். அனுபவமுள்ளவர்கள் ஓட்டத்தைவிட மோப்பத் தேடல், பொருளைப் பெயர் சொல்லிக் கண்டெடுத்தல் போன்ற மூளை வேலையையும், பாயில் அமைதியாகப் படுத்திருக்கும் பயிற்சியையும் முன்வைக்கிறார்கள். மேய்ப்பர்களின் ‘தட்’ல் டூ’ செய்ததும் இதையே. வேலைக்கு ஒரு முடிவு உண்டு என்று நாய்க்குச் சொன்னது அந்தச் சொல். பிரிட்டனின் கென்னல் கிளப் இந்த இனத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. மூளை வேலை அதற்கு மேல் தனி.

முதன்முறை வளர்ப்பவர் என்ற கேள்விக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. வேலை அறியாத இளம் நாயை வாங்கிய ஹாக்கைச் சிலர் உதாரணம் காட்டலாம். ஆனால் ஹாக் சிறுவயதிலிருந்தே மேய்ப்புத் தொழிலில் வளர்ந்தவர். நாய்க்குத் தெரியாததைச் சொல்லித்தர அவருக்குத் தெரிந்திருந்தது. மேய்ப்புத் தொழிலில் புதியவர் பழகிய நாயோடும் அனுபவமுள்ள மேய்ப்பரோடும் சேர்ந்தே கற்றார். ஒன்றும் அறியாத ஆளும் ஒன்றும் அறியாத நாயும் சேர்வதைத் தொழிலில் இருப்பவர்கள் எப்போதும் தவிர்த்தார்கள். பழக்கிய நாய்க்கு இன்றும் விவசாயிகள் பெரும் விலை கொடுப்பதற்கு இதுவே காரணம். 2021-இல் வேல்ஸில் நடந்த ஏலத்தில் ஒரு வயதேயான பெண் நாய் ஒன்று 27,100 பவுண்டுக்கு விற்றது. அந்த விலை நாய்க்குக் கொடுத்ததைவிட அதற்குள் ஏற்றப்பட்ட பயிற்சிக்குக் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

வெப்ப நாடுகளுக்கு இன்னொரு தடை உண்டு. பார்டர் கோலிக்கு இரட்டை மயிர்ப்போர்வை. குளிரையும் மழையையும் தாங்க அமைந்தது அது. மேலும் இந்த இனத்தில் சில நாய்கள் கடும் ஓட்டத்துக்குப் பின் சில நிமிடங்களிலேயே தள்ளாடி, நிலைகுலைந்து விழுவதுண்டு. ஓய்வில் எந்தக் குறையும் தெரியாத நாய்க்கும் இது நேரும். வெயில் நாளில் அதிகம் நேரும். கால்நடை மருத்துவர்கள் இதை ‘பார்டர் கோலி கொலாப்ஸ்’ என்கிறார்கள். சென்னையின் மே மாதத்தில் காலை ஏழு மணிக்கு மேல் இந்த நாயை ஓடவிடுவது ஆபத்து. ஆக, இரண்டு மணி நேரப் பயிற்சியை விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும்தான் கொடுக்க முடியும்.

மாடிவீட்டில் பார்டர் கோலியை நன்றாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அஜிலிட்டியோ மோப்ப விளையாட்டோ பயிலுகிறவர்கள். ஏற்கெனவே வேறு நாய்களை வளர்த்துப் பழகியவர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள். நகரத்திலும் இந்த நாய்க்குப் பொருத்தமான வேலை உண்டு. 1999-இல் ஃபுளோரிடாவின் ஒரு விமான நிலையம், ஓடுபாதையில் இறங்கும் பறவைகளை விரட்ட ஜெட் என்ற பார்டர் கோலியை அமர்த்தியது. பதுங்கி நெருங்கும் அந்த நாயைப் பறவைகள் வேட்டை விலங்காகவே கண்டு விலகின. இந்த இனத்தை உண்மையாக விரும்பும் ஃபிளாட்வாசிக்கு, குட்டியைவிட நான்கைந்து வயது கடந்து குணம் நிலைபெற்ற நாய் பொருந்தும். கைவிடப்பட்ட பார்டர் கோலிகளை ஏற்றுப் பராமரிக்கும் மீட்பு அமைப்புகள் பல நாடுகளில் உள்ளன. நாயின் குணத்தை அறிந்து, அதற்கேற்ற வீட்டை அவர்களே தேர்ந்து கொடுக்கிறார்கள். வேலை வம்சத்துக் குட்டியைவிடக் கண்காட்சி வம்சத்துக் குட்டி சற்று நிதானமாக இருக்கக்கூடும். ஆனால் அதுவும் பார்டர் கோலியே.

முதன்முதலாக நாய் வளர்க்கும், பகலில் வெளியே வேலைக்குப் போகும், ஃபிளாட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு பார்டர் கோலிக் குட்டி பொருந்தாது. அத்தகைய வீட்டுக்கு நம் தெருக்களில் பிறந்து தத்துக்குக் காத்திருக்கும் நாட்டுக் குட்டி எவ்வளவோ மேல். இந்த வெயிலும் இந்த இரைச்சலும் அதற்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.